ஸ்டாம்பின் ஓரத்தில் நின்ற முத்திரை

"போன மாசம் வரைக்கும் இது நாற்பதாயிரம் ரிங்கிட்" என்றார் டாக்டர் சிவபிரகாசம். "இப்ப நாற்பது சென்."

கையிலிருந்த ஃபிரேமை மேசைமேல் கவிழ்த்துப் போட்டார்.

நித்யகல்யாணி அதை உடனே எடுக்கவில்லை. காலையிலேயே முட்டி வலி ஆரம்பித்துவிட்டது. முப்பத்து நாலு வருடம் தபால் அலுவலகக் கவுண்டரில் நின்ற கால்கள். ஓய்வு பெற்றதும், பழைய கடிதம், ஸ்டாம்பு, பத்திரம் இவற்றில் எது அசல் எது போலி என்று துப்பறிந்து சொல்லும் தொழிலில் இறங்கினாள். உட்கார்ந்தே செய்யலாம் என்று யாரோ சொன்னதை நம்பியதுதான் தப்பு.

அவளுக்குப் பின்னால் தனேஸ்வரன் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவன், நாற்பத்தைந்து வயது. இப்போது கல்யாணிக்கு டிரைவர், உதவியாளர், வாய். சுவர் முழுக்க ராக்கெட் படங்கள். கண்ணாடி அலமாரிகளில் விண்வெளி வீரர்களின் சட்டைப் பட்டைகள், பழைய செய்தித்தாள்கள், காய்ந்த உணவுப் பொட்டலம் ஒன்று.

"ஈப்போல எத்தன பேரு பல்லப் பிடுங்கினா இவ்வளவு ராக்கெட் வாங்கலாம்க்கா?" என்று காதோரம் கேட்டான்.

"சும்மா இரு."

டாக்டர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எழுபத்தாறு வயது. மனைவி இல்லை. மகள் மீனு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு, வந்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகலாம் என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தார். அவர் பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் சுற்றினார். இந்த ஃபிரேமின் முன் நின்றார். கலர் ஃபோட்டோகாப்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணி ஃபிரேமைத் திருப்பினாள். வெள்ளை உடையில் மூன்று பேர். நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பியவர்கள். படத்தின் அடியில் நீல மசியில் மூன்று கையெழுத்து. அதற்குக் கீழே, படம் வந்த தபால் உறை. 1969இல் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த மாரியம்மா என்ற பெண் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவள் பெயருக்கு வந்த பதில் இது.

"2013ல அவ தம்பி உடையப்பன் கொண்டாந்தான். நான் அசலத்தான் வாங்கினேன். இப்ப உள்ள இருக்கிறது காப்பி. அலமாரி சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு ஐயாவுகிட்ட."

"ஐயாவு யாரு?"

"டிரைவர், கூனோங் ராப்பாட்டுக்காரன். தூசி தட்டுறதும் அவன்தான். வியாழக்கிழமை சாவிய வாங்கிட்டு அனுப்பிட்டேன். திங்கள் போலீஸுக்குப் போறேன். அசல அவன் யாருகிட்ட வித்தான்னு நீங்க கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"வாங்கும்போது பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தீங்களா டாக்டர்?"

"பல் டாக்டர் கண்ணும்மா. பூதக்கண்ணாடி எதுக்கு?"

கல்யாணி ஃபிரேமைக் கவிழ்த்து முதுகைப் பார்த்தாள். பின்தாள் பழுப்பேறியிருந்தது. ஃபிரேம் கடையின் சீட்டு, 2013 தேதியோடு. கீழ் மூலையில் பொரிந்துபோன பல்லி முட்டை ஒன்று, பாதி மரத்திலும் பாதி தாளிலுமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதல் சாட்சி" என்றான் தனேஸ். "ஆனா வீட்டக் காலி பண்ணிட்டாரு."

"தாள எடுக்காம படத்த மாத்த முடியாது. தாள எடுத்தா முட்டை உடைஞ்சிருக்கும்" என்றாள் கல்யாணி.

"முட்டை போன வருசம் வச்சதா இருக்கலாம். அதுக்கு முன்னாடியே மாத்தியிருப்பான்."

அதுவும் நியாயம்தான். அனுமதி கேட்டுத் தாளை மறுபக்கமாக வெட்டி, படத்தையும் உறையையும் வெளியே எடுத்தாள். படம் சந்தேகமில்லாமல் காப்பி. பூதக்கண்ணாடியில் மசிக்கோடு தெரியவில்லை, கலர் கலராகப் புள்ளிகள்தான் தெரிந்தன. உறையைக் கையில் எடுத்ததும் அவள் முட்டி வலியை மறந்தாள். முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

"டாக்டர், சிங்கப்பூர்க்காரரு உறையப் பாத்தாரா?"

"படத்துக்குத்தானே விலை? உறைய எவன் பாப்பான்?"

"நான் பாப்பேன்."

எழுந்தபோது எதிர்ச் சுவரில் இன்னொரு ஃபிரேம் கண்ணில் பட்டது. அதே மூன்று பேர், அதே படம், அதே நீலக் கையெழுத்துகள்.

"அது லண்டன்ல வாங்கினது" என்றார் டாக்டர். முகத்தில் முதன்முறையாக வெளிச்சம். "சான்றிதழோட. அறுபதாயிரம் போகும்."

கல்யாணி அதையும் கையிலிருந்த காப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காப்பியையும் உறையையும் பைக்குள் வைத்துக்கொண்டு, சாயந்திரம் வருவதாகச் சொன்னாள்.

கார் ஆயர் தாவாருக்குப் போகும் லூமுட் சாலையில் ஏறியதும் தனேஸ் ஆரம்பித்தான்.

"அக்கா, உறை அசல்தான்லா. ஆயர்ங்கிறத ஏ-ஒய்-இ-ஆர்னு போட்டிருக்கு. அது பழைய எழுத்து. இப்ப மலாய்ல தண்ணிக்கு ஏ-ஐ-ஆர் தானே?"

"தண்ணிக்கு மாறிடுச்சு, ஊருக்கு மாறல. போற வழியில போர்டப் பாரு, இன்னும் ஏ-ஒய்-இ-ஆர்தான்."

"போச்சு. வாழ்க்கையில ஒரு தடவ துப்பறிஞ்சேன்."

"ஸ்டாம்பப் பாத்தியா?"

"அமெரிக்கா ஸ்டாம்பு. முத்திரை குத்தியிருக்கு."

"முத்திரை வட்டம். ஸ்டாம்புல பாதி, உறையில பாதி விழணும். இதுல ஸ்டாம்போட ஓரம் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. உறையில ஒரு துளி மசி இல்ல."

தனேஸ் ஒரு லாரியை முந்திவிட்டு யோசித்தான். "அப்ப ஸ்டாம்பு வேற உறையிலேர்ந்து வந்திருக்கு."

"அசல் உறையிலேர்ந்து. இதச் செஞ்ச ஆளுகிட்ட அசல் இருந்திருக்கு. இப்ப முகவரியப் படி."

"மிஸ் மாரியம்மா, தமிழ்ப் பள்ளி, தோட்டத்துப் பேரு, மூணு ரெண்டு நாலு சைபர் சைபர் ஆயர் தாவார், பேரா. சரியாத்தானே இருக்கு?"

"அந்த அஞ்சு நம்பர், ஊரோட போஸ்கோட். அறுபத்தொன்பதுல அது இந்த நாட்டுலேயே கிடையாது. பின்னாடி வந்தது."

"ஓ." ஸ்டியரிங்கைத் தட்டினான். "டைப் அடிச்சவன் மாட்டிக்கிட்டான்."

"நீ ஒரு போலி உறை தயார் பண்றேன்னு வை. அசல முன்னாடி வச்சுக்கிட்டு அப்படியே அடிப்ப. அசல்ல இல்லாத நம்பர எதுக்கு அடிப்ப?"

"மாட்டேன்."

"கை தானா அடிச்சிருக்கு. தினம் அதே முகவரிய அடிச்ச கை. கூனோங் ராப்பாட்ல இருக்கிற ஐயாவுக்கு ஆயர் தாவார் போஸ்கோட் எப்படித் தெரியும்? உனக்கு உன் பக்கத்துத் தாமான் வீடுங்களோட போஸ்கோட் தெரியுமா?"

"எனக்கு என் பொறந்த நாளே ஐ.சி. கார்டப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

டாக்டரிடம் வாங்கிவந்த ஐயாவுவின் எண்ணுக்குக் கல்யாணி அழைத்தாள். அவர் மனைவி குமுதா எடுத்தாள்.

"அவரு பேச மாட்டாருங்க. ரூம விட்டு வரல. எதிர் வீட்டு ஆளு, என்ன இன்னும் வேலைக்குப் போகலையான்னு கேட்டாரு, அவ்வளவுதான். அதுலேர்ந்து சன்னலையும் சாத்திட்டாரு. இருபத்திரண்டு வருசங்க. அந்த வீட்டுச் சாவிய சாமி தட்டுல வச்சிருந்தாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "போலீஸு எப்ப வரும்? சொல்லிட்டா நான் புள்ளைங்கள எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"போலீஸு வராதும்மா" என்றாள் கல்யாணி. சொன்ன பிறகுதான், அதைச் சொல்லத் தனக்கு இன்னும் உரிமையில்லை என்று நினைத்தாள்.

ஆயர் தாவாரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில், நெகிழி நாற்காலியில் ஒரு அம்மாள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடிக்கு நூல் கயிறு. மாரியம்மாதான்.

கல்யாணி தன் பெயரைச் சொன்னாள். தபால் அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னாள். மாரியம்மா உட்காரச் சொல்லி, தகரத்திலிருந்து பிஸ்கட் எடுத்து வைத்தார்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்கக்கா?"

"தோட்டத்து ஆபீஸ்ல கிராணி. முப்பத்தொரு வருசம். கணக்கு, கடுதாசி, டைப்பு எல்லாம் நான்தான்."

"இந்த ஊரு போஸ்கோட் என்னக்கா?"

"மூணு ரெண்டு நாலு சைபர் சைபர்" என்றார், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனேஸுக்கு பிஸ்கட் புரை ஏறியது.

கல்யாணி பையிலிருந்து உறையை எடுத்துக் காய்த்தட்டின் பக்கத்தில் வைத்தாள். மாரியம்மாவின் கத்தி நின்றது. நீண்ட நேரம் அந்த முகவரியையே பார்த்தார்.

"போஸ்கோட் போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "பன்னெண்டு வருசமா எனக்கே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சது, நானும் அதே வேலை பாத்ததாலதான்."

மாரியம்மா மறுக்கவில்லை. "தம்பி கேக்காமலேயே விலை பேசிட்டு வந்துட்டான். நாளைக்குக் கொண்டாறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டானாம். அவன் கோவக்காரன். இப்ப செத்துட்டான், பாவம், குறை சொல்லக் கூடாது. அன்னிக்கே சித்தியவான் போயி படத்தக் கலர்ல காப்பி எடுத்தேன். உறைய அப்படி எடுக்க முடியல. ஆபீஸ்ல பழைய உறை இருந்துச்சு, மெஷினும் இருந்துச்சு. ஸ்டாம்ப ஆவியில காட்டிப் பிரிச்சு அதுல ஒட்டினேன். தம்பி கொண்டு போனது இதத்தான், அவனுக்கே தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரையும் ஏமாத்தணும்னு செய்யலன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வருது. ஏமாத்தத்தான் செஞ்சேன்."

"அந்தப் படம் அவ்வளவு பிடிக்குமா?"

"படமா?" என்று உள்ளே போய், துணியில் சுற்றிய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே அசல் படம். அதன்கீழ் அசல் உறை. மேல் மூலையில் ஸ்டாம்பு இருந்த இடம் வெறும் கட்டமாக, அதன் ஓரத்திலிருந்து அரைவட்ட முத்திரை தொடங்கியது. "நான் எழுதிக் கேட்டது, நிலாவுல மழை பெய்யுமான்னு. மழை பெஞ்சா இங்க பாலுக்கு மரம் வெட்ட முடியாது, அன்னிக்குச் சம்பளம் இல்ல. அதான் எனக்கு அப்பத் தெரிஞ்ச விஷயம். அவங்க பதில் எழுதல. படம் மட்டும் வந்துச்சு."

"அப்புறம் எதுக்குக்கா வச்சிருக்கீங்க?" என்றான் தனேஸ். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"பேரப் பாருங்க தம்பி. மிஸ் மாரியம்மா. எங்க குடும்பத்துல யாரு பேருக்கும் அதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்ல. எங்கப்பா சம்பளம் வாங்குறது ஆபீஸு சன்னலுக்கு வெளிய நின்னுதான். இந்தக் கடுதாசி வந்த அன்னிக்குத் தொரை அவர உள்ள கூப்பிட்டு, நாற்காலியில உக்கார வச்சுக் கொடுத்தாரு. உள்ள ஃபேன் இருந்துச்சுன்னு அப்பா ஒரு மாசம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அந்த ஆபீஸுக்கே நான் வேலைக்குப் போனேன்."

கல்யாணி ஐயாவுவைப் பற்றிச் சொன்னாள். சாவி, வியாழக்கிழமை, திங்கட்கிழமை, சாத்தின சன்னல். அலங்காரம் இல்லாமல் சொன்னாள், அதற்கு மேல் தெம்பு இல்லை.

மாரியம்மா எழுந்து உள்ளே போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. புடவை மாற்றி, கைப்பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டினார்.

"போலாம். அந்தத் தம்பி எனக்காக எதுக்கு உள்ள உக்காந்திருக்கணும்?"

புறப்படும் முன் கல்யாணி பூதக்கண்ணாடியை எடுத்து அசல் படத்தைப் பார்த்தாள். புள்ளிகள் இல்லை. உண்மையான மசி, பேனா அழுத்திய தடம். முதல் கையெழுத்து, இரண்டாவது. மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வண்டிய எடு."

டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். மாரியம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது, வெளுத்தது. கடைசியில் அசல் படம் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"இதுதான்! நான் சொன்னேன்ல? சரி, போனது போகட்டும். அம்மா, நான் உங்கமேல கேஸ் கொடுக்க மாட்டேன். படம் வந்துடுச்சு, அது போதும்."

"டாக்டர்" என்றாள் கல்யாணி, "அந்த லண்டன் படத்தக் கழட்டித் தர்றீங்களா?"

தனேஸ் அதை இறக்கிப் பிரித்தான். கல்யாணி இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாலை வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். டாக்டர் கிட்டே வந்து பார்த்தார்.

மூன்று கையெழுத்துக்குப் பதில் ஆறு தெரிந்திருக்க வேண்டும். மூன்றுதான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு, சுழிக்குச் சுழி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. மூன்றாவது கையெழுத்தின் முடிவில் பேனா நடுங்கின சின்ன இழுப்புகூட இரண்டிலும் ஒரே இடத்தில்.

"டாக்டர், நீங்க ரெண்டு தடவ கையெழுத்துப் போட்டா ஒண்ணாவா இருக்கும்?"

அவர் விரல் அந்தச் சின்ன இழுப்பின்மேல் ஊர்ந்தது.

"மனுசக் கைக்கு அது முடியாது. அமெரிக்காவுல அந்த ராக்கெட் ஆபீஸுக்கு ஆயிரக்கணக்கா கடுதாசி வந்திருக்கும். எல்லாத்துக்கும் போட ஆளுக்கு நேரம் ஏது? கையெழுத்துப் போடுற மெஷின் இருந்துச்சு. உண்மையான பேனா, உண்மையான மசி. பேனாவப் பிடிச்சது மட்டும் மனுசன் இல்ல."

"லண்டன்காரன் சான்றிதழ் குடுத்தானே?"

"சிங்கப்பூர்க்காரரு அதத்தான் படிச்சாரு. ரெண்டையும் யாரும் ஒண்ணா வச்சுப் பாக்கல."

"அப்ப விலை?"

"அந்தக் காலத்துப் படம்னு யாராவது சில நூறு கொடுக்கலாம். ரெண்டுக்கும் அதுதான்."

முதலில் சிரித்தது மாரியம்மா. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "அப்ப நான் திருடுனதும் ஒண்ணுமில்லையா?" பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "படம் நீங்க வாங்கினது, நீங்களே வச்சுக்கங்க. உறைய மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

டாக்டர் தலையசைத்தார். ராக்கெட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயாவு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

கல்யாணி அவரைப் பார்த்தாள்.

"கூனோங் ராப்பாட்னு தெரியும்" என்றார், தரையைப் பார்த்தபடி. "போனதில்ல. தினம் அவன்தானே இங்க வருவான்."

கூனோங் ராப்பாட்டில் சுண்ணாம்பு மலையின் நிழல் வரிசை வீடுகள்மேல் விழுந்திருந்த நேரம். மூன்றாவது சந்தில் தனேஸ் காரை நிறுத்தினான். எதிர் வீட்டில் ஒரு பெரியவர் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வாசலில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நான் கூட வரணுமா டாக்டர்?"

"வேணாம்."

அவர் தனியாக இறங்கினார். கேட்டைத் தட்டினார். குமுதா கதவைத் திறந்து, அவரைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். சிறிது நேரம் கழித்து ஐயாவு வந்தார். மூன்று நாள் தாடி. கேட்டைத் திறக்காமல் உள்பக்கம் நின்றார்.

"ஐயாவு" என்றார் டாக்டர். "நீ எதையும் எடுக்கல. தப்பு என்னுது."

ஐயாவு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்கு மேலாகச் சந்தைப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுங்க டாக்டர். எதிர் வீட்டுக்காரருக்குக் காது சரியாக் கேக்காது."

காருக்குள் தனேஸ் சன்னல் கண்ணாடியை இறக்கினான். மாரியம்மா கைப்பையை இறுக்கினார்.

டாக்டர் மெல்லத் திரும்பினார். எதிர் வீட்டுப் பெரியவர் குழாயை மூடியிருந்தார்.

"ஐயாவு எதையும் எடுக்கல!" குரல் உடைந்து சந்து முழுக்கக் கேட்டது. "நான்தான் தப்பா நெனச்சிட்டேன்!"

ஐயாவு கேட்டைத் திறந்தார்.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"நாளைக்கு நான் வரல டாக்டர். வேற ஆளப் பாருங்க." கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னார். "உள்ள வாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வாசற்படியில் டாக்டர் காலணியைக் கழற்றக் குனிந்தார். ஒரு காலில் நிற்க முடியவில்லை. கை சுவரைத் தேடியது, சுவர் எட்டவில்லை. ஐயாவு பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு தோளைக் கொடுத்தார்.